வான அலைகளுக்கு ஒரு படிக்கல்

சந்தையிலே தராசு எத்துணை நேர்மையானதாயினும், படிக்கல் தேய்ந்திருப்பின் நிறை பிழைத்துவிடும். வானத்தை அளக்கும் விஞ்ஞானிகளும் இவ்வுண்மைக்கு விலக்கானவர் அல்லர்.

பால்வீதியிலிருந்து வானொலி அலைகள் வருகின்றன என்பதை 1933ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர் கார்ல் ஜான்ஸ்கி என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். இன்று அவர் பெயர் தாங்கிய தொலைகாட்டி அணியொன்று அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்துச் சமவெளியிலே உள்ளது. 1980இல் திறந்துவைக்கப்பட்ட இவ்வணியில், 25 மீற்றர் விட்டமுள்ள 27 கிண்ணங்கள், முச்சந்தியிற் பிரியும் வீதிகளைப் போன்று மூன்று கிளைகளில் நின்று வானை நோக்குகின்றன.

அவை பெறும் அலையின் வலிமையை அளக்கும் அலகுக்கும் ஜான்ஸ்கி என்றே பெயர். ஓர் உவாற்று வலுவை, 1இன் பின் 26 பூச்சியங்கள் இட்ட எண்ணால் வகுத்துப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் பரப்பில், ஒரு ஹேட்ஸ் அதிர்வெண் அகலத்தில் வந்து விழும் அவ்வளவே ஒரு ஜான்ஸ்கி. இத்துணை மெல்லிய அலையைப் பன்மடங்கு பெருக்கினாலன்றி அளத்தல் இயலாது. பெருக்கும் கருவியோ வெப்பநிலைக்கேற்ப மாறும்; கிண்ணம் சாயும்போது தன் பாரத்தாற் சிறிது வளையும்; வளிமண்டலமும் மணிக்கு மணி வேறுபடும். கருவி காட்டும் எண் குறைந்தால், மங்கியது விண்பொருளா, தளர்ந்தது கருவியா என்பதை நாம் எவ்வாறு அறிவது?

அளவறிந்த ஒரு சிறு மின்னிரைச்சலைக் கருவிக்குள்ளேயே வினாடிதோறும் பன்முறை செலுத்தி, பெருக்கத்தின் ஏற்ற இறக்கத்தைக் கண்காணிப்பது ஒரு வழி. ஆயின், கிண்ணத்தின் வளைவும் வளிமண்டலத்தின் மாற்றமும் இதில் அகப்படா. அவற்றுக்கு வானிலேயே ஒரு படிக்கல் வேண்டும்.

மிக வலிய அலைமூலத்தைத் தெரிந்தெடுத்தால் ஆகாதா என மாணவர் வினவலாம். 1948இல் கேம்பிரிட்ஜில் கண்டறியப்பட்ட காசியோப்பியா ஏ அத்தகைய மூலமே. ஆனால், அது வெடித்துச் சிதறிய விண்மீனொன்றின் எச்சம். விரிய விரிய அது மங்கவேண்டுமென 1960இல் சோவியத் அறிஞர் ஷ்க்லொவ்ஸ்கி கணித்தார். ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றளவில் மங்குவதை அடுத்த ஆண்டிலேயே கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் அளந்து காட்டினர். தேயும் கல் படிக்கல் ஆகுமா?

ஆகவே, 3சி 286 என்னும் தொலைதூரக் குவசாரை நாடுகின்றனர். அதன் அலைகள் நம்மை வந்தடைய ஏறத்தாழ 700 கோடி ஆண்டுகள் செல்கின்றன. காசியோப்பியாவினும் அது பன்மடங்கு மெல்லியது, ஆயினும் நிலையானது. 1983 முதல் 2012 வரை பெற்ற அளவுகளைச் செவ்வாய்க் கோளின் கதிர்ப்போடு ஒப்பிட்டு அந்நிலைபேற்றை உறுதிசெய்தனர்.

முதலில் 3சி 286ஐ நோக்கி அளவை நிறுவுவர். பின்னர், ஆராயும் பொருளுக்கு அண்மையிலுள்ள வேறொரு மூலத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நோக்கி, இடையில் நேர்ந்த மாற்றங்களைத் திருத்துவர். 27 கிண்ணங்களை இரண்டிரண்டாய்ச் சேர்த்தால் 351 சோடிகள் கிடைக்கும். அறியவேண்டிய கிண்ணங்களோ 27 மட்டுமே. ஒரு கிண்ணம் தளர்ந்தால், அது சேர்ந்த 26 சோடிகளும் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பின்னரே, ஒரு விண்பொருள் மங்கிற்று என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டாகின்றது.