பட்டு நூலும் நம்ம முகமும்

என் ஊர் கூரம். பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மன் எடுத்த கற்கோயில், கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்கிற பேரு, இதெல்லாம் எங்க பெருமை. பக்கத்துலயே காஞ்சிபுரம் என்பதால பட்டும் தறியும் சின்ன வயசுலேர்ந்தே பழக்கம். ஆனா இந்தக் கட்டுரை புடவை பத்தி இல்லை, உங்க முகத்தைப் பத்தி!

போன செமஸ்டர்ல என் ரூம்மேட்டுக்கு பிளேஸ்மென்ட் இன்டர்வியூ வந்தது. பத்து நாள்ல முகம் பளிச்சுனு ஆகணும்னு ஒரு கிளைகாலிக் ஆசிட் சீரம் வாங்கி தினமும் ராத்திரி தடவினான். ஒரே வாரத்துல கன்னம் சிவந்து, தோல் உரிஞ்சு, பச்சத் தண்ணி பட்டாலே எரிச்சல். இன்டர்வியூக்கு அந்த முகத்தோடதான் போனான். "ஆசிட்டே மோசம்டா" என்றான். ஆசிட் மோசமில்லை. அவன் பாதி வேலையை மட்டும்தான் செஞ்சிருந்தான்.

எப்படின்னு பட்டு நூலை வச்சே பார்ப்போம். கச்சாப் பட்டு தொட்டா சொரசொரன்னு இருக்கும். உள்ளே ஃபைப்ராயின் என்கிற இழை, மேலே செரிசின் என்கிற பசை. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீர்ல போட்டா பசை கரையும். எடையில ஏறத்தாழ கால் பங்கு குறையும். மினுமினுப்பு அப்புறம்தான் வரும். அதிக நேரம் கொதிச்சா? இழையே வலுவிழந்து, தறியில அறுந்து போகும்.

நம்ம தோலோட மேலடுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். அதன் தடிமன் பெரும்பாலான இடங்கள்ல 10 முதல் 20 மைக்ரான். செத்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்க, நடுவுல கொழுப்புதான் சிமெண்ட். செல்லையும் செல்லையும் புரதத்தாலான ரிவெட்டுகள் பிடிச்சிருக்கு. கிளைகாலிக், லாக்டிக் போன்ற ஆல்ஃபா ஹைட்ராக்ஸி ஆசிட்கள் இந்த ரிவெட்டைத் தளர்த்தும். மேல இருக்கற பழைய செல்கள் உதிரும். வான் ஸ்காட், யூ என்ற இரண்டு பேர் 1974ல, மீன் செதில் மாதிரி தோல் தடிக்கும் நோய்க்கு இது உதவுவதா வெளியிட்டாங்க. சாலிசிலிக் ஆசிட் எண்ணெயில் கரையும். அதனால துவாரத்துக்குள்ள போய் வேலை செய்யும். முகப்பரு உள்ளவங்களுக்கு அது பொருந்தும்.

இங்க ஒரு எச்சரிக்கை: பட்டுக்குக் காரம் சரி, முகத்துக்கு இல்லை. தோலோட பி.எச். சுமார் 5. சாதாரண சோப்பு 9, 10. ஆசிட் போடுற ராத்திரி, மென்மையான ஃபேஸ்வாஷ் போதும்.

சரி, மீதிப் பாதி எது? தண்ணி! செல்களுக்குள்ள தண்ணியைப் பிடிச்சு வைக்கற இயற்கைக் கலவை ஒண்ணு இருக்கு. அதுல அதிகமா இருக்கற அமினோ அமிலங்கள்ல செரின் முக்கியமானது. 1865ல இந்த செரினை முதல்ல பிரிச்செடுத்தது எதுலேர்ந்து தெரியுமா? பட்டுப் பசையிலேர்ந்துதான்! பேரே பட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆசிட்டால மேலடுக்கு மெலிஞ்சா தண்ணி வேகமா ஆவியாகும். அதைத் திருப்பி நிரப்பாம விட்டதுதான் என் நண்பனோட தப்பு.

நிரப்ப மூணு வகை: தண்ணியைப் பிடிக்கற கிளிசரின், ஹயலூரானிக் ஆசிட் (பேர்லதான் ஆசிட், தோலை உரிக்காது), சிமெண்டைச் சரி பண்ற செராமைடு, மேல மூடி போடற வாசலின். லாக்டிக் ஆசிட் உரிக்கவும் செய்யும், ஈரத்தையும் பிடிக்கும். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அதுவே நல்லது.

எவ்வளவு ஆசிட்? கணக்கு போடலாம். கிளைகாலிக்கோட பி.கே.ஏ. 3.83. பி.எச். 3.8ல ஆசிட்டில் பாதி சுதந்திரமா இருக்கும், 4.8ல பத்துல ஒரு பங்குதான். ஆக லேபிள்ல 10 சதவீதம்னு மட்டும் பார்க்காதீங்க, பி.எச்.சையும் பாருங்க. எலுமிச்சைச் சாறு பி.எச். 2 பக்கம், அதை முகத்துல தேய்க்கவே வேண்டாம், வெயில் பட்டா தோலே வெந்து கருத்துப் போகும்.

நடைமுறை இவ்வளவுதான்: வாரம் ஒண்ணு அல்லது ரெண்டு ராத்திரி. முகம் கழுவி நல்லா காயவிடுங்க. ஆசிட் மெல்லிசா ஒரு பூச்சு. சில நிமிஷம் கழிச்சு கிளிசரின் சீரம், மேல மாய்ஸ்சரைசர். சென்சிட்டிவ் தோலா? முதல்ல மாய்ஸ்சரைசர், அப்புறம் ஆசிட். அதே ராத்திரி ரெட்டினால் வேண்டாம். காலைல சன்ஸ்கிரீன் கட்டாயம். இந்த ஆசிட் போட்ட தோல் வெயிலுக்குச் சீக்கிரம் சிவக்கும்னு லேபிள்லயே எச்சரிக்கச் சொல்லி அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2005ல வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. எரிச்சல் நிக்கலையா, ஆசிட்டை விட்டுட்டு வெறும் மாய்ஸ்சரைசர். குணமாகலன்னா தோல் மருத்துவர்.

கடைசியா ஒண்ணு. ஆசிட் போட்டா சொரசொரப்பு போகும், பிறவி நிறம் மாறாது. மாறணும்னு அவசியமும் இல்லை. பட்டைப் பசை நீக்கறதும் நூல் அறுந்துடக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துதான். உங்க தோலுக்கும் அந்தக் கவனம் வேணும், மக்களே!