காப்பியும் தேகாரோக்கியமும்

புதுவை நேரு வீதி இந்தியன் காப்பி ஹவுஸைக் கடக்கும்போதெல்லாம் கூட்டுறவு இலாகாவைச் சேர்ந்த எமக்குப் பெருமிதம் தோன்றுவது இயல்பே. காப்பி போர்டு தன் கடைகளை மூட முற்பட்ட காலத்தில், வேலை இழந்த ஊழியர்கள் ஏ.கே. கோபாலன் அவர்களின் தூண்டுதலாற் சங்கங்கள் அமைத்து, 1957 முதல் தாமே கடை நடத்தலாயினர். ஆயினும், காப்பி உடலுக்கு நன்றோ தீதோ என்னும் வினாவுக்கு அப்பெருமிதம் விடையாகாது.

காப்பி புற்றுநோய் விளைக்கலாமென 1991-ல் ஐயுற்ற உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம், 2016-ல் அவ்வையத்தைக் கைவிட்டது. எந்தப் பானமாயினும் 65 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் அருந்துவதே உணவுக்குழலுக்குக் கேடாகலாம் என்றது. டவராவில் ஆற்றிக் குடிக்கும் நம் வழக்கம் நல்வழக்கமே. அளவோடு அருந்துவோரிடம் நீரிழிவும் ஈரல் நோயும் குறைவாகக் காணப்படுகின்றன. சர்க்கரையை வாரிக் கொட்டுவோர் இப்பயனை எதிர்பார்த்தலாகாது.

நம் வீடுகளில் முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது வேறொன்று. காப்பியானது கீரையிலும் தானியத்திலுமுள்ள இரும்புச் சத்தை உடலிற் சேரவொட்டாது தடுக்கும். உணவுக்கு ஒரு மணி முன்னர் குடித்தால் தடையில்லை. உண்டு ஒரு மணி கழித்துக் குடிப்பினும், உடன் குடித்த அளவே தடையுண்டு என்பது 1983-ல் வெளியான ஆராய்ச்சியிற் கண்டது. இரத்தசோகையுள்ள பெண்டிரோ பலகாரத்தோடேயே காப்பியும் அருந்துகின்றனர். இரும்பு மாத்திரையை அதனோடு விழுங்குவோரும் உளர்! விடியற்காலைக் காப்பியை வைத்துக்கொண்டு, பலகாரத்துக்குப் பின்னுள்ளதை விடுவது இவர்களுக்கு உத்தமம். கர்ப்பிணிகள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் காபீனைத் தாண்டலாகாது. சிக்கரியில் காபீன் இல்லையாதலால், பொட்டலத்தின்மேல் அச்சிட்ட கலப்பு விகிதத்தையும் பார்த்து வாங்குக.