பூட்டுகள் பல, கதவுகள் எத்தனை?

மும்பை மாட்டுங்காவின் பழைய அடுக்ககங்களில் பல வீடுகளுக்கு வாசலில் இரண்டு கதவுகள் உண்டு. உள்ளே மரக்கதவு, வெளியே கம்பியிட்ட ‘சேஃப்டி டோர்’. கீழே வாயிற்காவலர் ஒருவர். மூன்றும் ஒரே வேலையைச் செய்வன போலத் தோன்றினாலும் ஒவ்வொன்றுக்கும் தனிப் பணி இருக்கிறது. காவலர் அயலாரை விசாரிக்கிறார். கம்பிக்கதவு, வந்தவர் யாரெனப் பார்த்துப் பேச இடம் தருகிறது. மரக்கதவு இரவில் வீட்டை மூடுகிறது. ஒரே மரக்கதவில் ஐந்து பூட்டுகளை மாட்டிவிட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்து வைப்பவர் எவருமில்லை. ஆனால் வீட்டின் இணைய இணைப்பில் அத்தகைய ஏற்பாடே பெருகி வருகிறது.

1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியபின், 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்டு உருவாக்கிய பகுதிகளுள் தாதரும் மாட்டுங்காவும் அடங்கும். அங்கு வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று வெளிநாடுகளில் வாழ்கின்றனர். விடுமுறைக்கு வரும் மகன் புதிய ரூட்டர் ஒன்றைப் பொருத்திச் செல்கிறார். கணினி விற்ற கடைக்காரர் ஓராண்டுக்கான ஆன்டிவைரஸைச் சேர்த்துக் கொடுக்கிறார். இணைய நிறுவனம் மாதக் கட்டணத்தில் ஒரு ‘பாதுகாப்புச் சேவை’யை இணைக்கிறது. பேரனுக்காக ஒரு வடிகட்டியும், யாரோ பரிந்துரைத்த விபிஎன் செயலியும் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றும் நல்லெண்ணத்தில் வந்தது. எது எதைக் காக்கிறது என்பதை அறிந்தவர் மட்டும் வீட்டில் இல்லை.

இதன் இழப்பு ஆண்டுக் கட்டணத்தோடு நிற்பதில்லை. வங்கியின் இணையப் பக்கம் திறக்கவில்லையெனில் எந்தக் கருவி தடுத்தது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அணைத்துவிடுகின்றனர்; பின்னர் அவற்றை மீண்டும் இயக்க மறந்துவிடுகின்றனர். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. ‘உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று பெயர்பெற்ற நிறுவனங்களின் பெயரில் வரும் போலிச் செய்திகள் மோசடியாளரின் பழைய உத்தி. தம் கணினியில் எந்த மென்பொருள் இருக்கிறது என்பதையே அறியாதவர் அதை நம்பிவிடக்கூடும். ஒன்றே இருக்கிறது, அதன் பெயர் இது என்று அறிந்தவர் அச்செய்தியைக் கண்டவுடனே ஐயுறுவார். ஆகவே கருவிகளைக் குறைப்பதும் ஒரு பாதுகாப்பு நடவடிக்கையே.

கதவுகளை எண்ணுவோம்

முதற்கதவு ரூட்டர். வெளியிலிருந்து அழைப்பின்றி வரும் இணைப்புகளை அதுவே தடுக்கிறது. இணைய நிறுவனம் தந்த கருவியும் நாம் வாங்கியதும் ஆகிய இரண்டும் ரூட்டராகவே இயங்கினால் முகவரி மாற்றம் இருமுறை நிகழ்கிறது. சிசிடிவி கேமராவைத் தொலைவிலிருந்து பார்ப்பது போன்ற பணிகள் இதனால் தடைப்படலாம். கிடைக்கும் கூடுதல் காப்போ மிகச் சிறிது. உற்பத்தியாளரிடமிருந்து இன்னும் மென்பொருள் புதுப்பிப்புகளைப் பெறும் ஒன்றை ரூட்டராக வைத்துக்கொண்டு, மற்றதை ‘பிரிட்ஜ்’ அல்லது ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றுவது நன்று.

இங்கே செலவில்லாத செயலே பெரும்பயன் தரும். 2016-இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரூட்டர்களையும் பெருமளவில் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று ‘டின்’ நிறுவனத்தின் மீது நடத்தப்பட்ட தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பலருக்குக் கிடைக்காமற் போயின. ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவதும், கேமரா, தொலைக்காட்சி போன்றவற்றை ‘கெஸ்ட்’ வை-ஃபையில் தனியே வைப்பதும் இத்தகைய தாக்குதலுக்கு எதிரான முதற்காப்பு.

இரண்டாவது கதவு கணினியும் கைப்பேசியும். ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ்கள் இடைவிடாது சோதித்தால் அவை ஒன்றையொன்று ஐயுற்று வேகத்தைக் கெடுக்கும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ‘டிஃபெண்டர்’ உடன் வருகிறது. வேறொன்றை நிறுவினால் அது ஒதுங்கிக்கொள்ளும்; மற்றதை முறையாக நீக்கினால் மீண்டும் பணியேற்கும். சாதாரணப் பயன்பாட்டுக்கு இரண்டில் ஒன்று போதும். ஆனால் இயங்குதளமே பழையதாக இருப்பின் எந்த ஆன்டிவைரஸும் அக்குறையை நிறைவு செய்யாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கணினியில் தீநிரல் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் அதற்காக இரண்டாவது சந்தா வேண்டியதில்லை. 2017-இல் மத்திய அரசு தொடங்கிய ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ தீநிரல் நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்குகிறது.

மூன்றாவது கதவு, இணையப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ். தீய தளங்களின் பெயர்களுக்கு விடை தர மறுக்கும் சேவைகள் உள்ளன. 2017 முதல் இயங்கும் ‘குவாட்9’ அவற்றுள் ஒன்று, கட்டணமற்றது. ரூட்டரில் ஒருமுறை அமைத்தால் வீட்டு வை-ஃபையில் உள்ள கருவிகளுக்கெல்லாம் பயன்படும். ஆனால் விபிஎன் செயலியோ, உலாவியின் ‘செக்யூர் டிஎன்எஸ்’ அமைப்போ வேறொரு சேவையை நாடினால், ரூட்டரில் அமைத்த வடிகட்டி தாண்டப்பட்டுவிடும். பேரனுக்காக வைத்த வடிகட்டி வேலை செய்யாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். வடிகட்டலை ஓரிடத்தில் மட்டும் வைப்பதே தெளிவு.

விபிஎன் எந்தக் கதவைக் காக்கிறது? வங்கித் தளத்துடனான தொடர்பு ஏற்கெனவே மறையாக்கம் செய்யப்பட்டதே. வீட்டில் விபிஎன் பயன்படுத்தும்போது, இணைய நிறுவனத்தின் மீது வைத்த நம்பிக்கை வேறொரு நிறுவனத்துக்கு மாறுகிறது, அவ்வளவே. அலுவலகம் கேட்டால் அலுவலகக் கணினியில் இருக்கட்டும். மற்றபடி முதலில் கைவிடத்தக்கது இதுவே.

நீக்கும் முறை

முதலில் அட்டைக் கணக்கில் உள்ள தானியங்கிக் கட்டண ஒப்புதல்களைப் பார்வையிடுங்கள். மறந்துபோன சந்தாக்கள் அங்கே தென்படும். ரிசர்வ் வங்கியின் நெறிப்படி, இவ்வகைக் கட்டணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வரவேண்டும். ஒப்புதலைத் திரும்பப் பெறவும் இயலும். பின்னர் ஒரு நாளைக்கு ஒரு கருவியாக நீக்கி, வங்கிச் செயலியும் காணொளி அழைப்பும் சரிவர இயங்குகின்றனவா எனப் பாருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் அகற்றினால் கோளாறு எதனால் வந்தது என்று புலப்படாது. சந்தாவை நிறுத்துவது மட்டும் போதாது. மென்பொருளையும் கணினியிலிருந்து நீக்கவேண்டும்.

கருவி காக்காத கதவு

கடைசிக் கதவு நாமே. ஓடிபியையும் யுபிஐ பின்னையும் நாமே சொல்லிவிட்டால், திரையைப் பகிரும் செயலியை நாமே நிறுவிவிட்டால், அதை எந்த ரூட்டரும் தடுத்துவிடாது. பணம் பெறுவதற்குப் பின் தேவையில்லை என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்கவேண்டும். வங்கியின் முகவரி ‘டாட் பேங்க் டாட் இன்’ என முடிகிறதா என்று பார்ப்பதும் நல்ல பழக்கம். 2025 அக்டோபர் 31-க்குள் இம்முகவரிக்கு மாறுமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்திருந்தது.

பணம் பறிபோனால் விரைவே முக்கியம். தேசிய உதவி எண் 1930-ஐயும் வங்கியையும் உடனே அழைக்கவேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை வகுத்த நெறி இது: வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் குறையின்றி, வெளியிலுள்ள மீறலால் நிகழ்ந்த பரிவர்த்தனையை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. ஓடிபி முதலியவற்றைப் பகிர்ந்ததால் நேர்ந்ததாயின், தெரிவிக்கும் வரையான இழப்பு அவரையே சாரும்.

எஞ்சிய கருவிகளின் பெயர், புதுப்பிக்கும் நாள், அவற்றைக் கவனிக்கும் குடும்பத்தினரின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ரூட்டரின் அருகே ஒட்டிவையுங்கள். கடவுச்சொற்களை மட்டும் அதில் எழுதவேண்டாம். அத்தாளில் இல்லாத பாதுகாப்புச் சேவையின் பெயரைச் சொல்லி யாரேனும் அழைத்தால், பதிலேதும் கூறாமல் அழைப்பைத் துண்டித்துவிடலாம்.