அளவெடுத்துத் தைத்த சைக்கிள்!

தீபாவளிக்கு ரெடிமேட் சட்டை வாங்குகிற கட்சி ஒன்று உண்டு. துணி எடுத்து, டெய்லரிடம் அளவு கொடுத்து, ‘வெள்ளிக்கிழமை கண்டிப்பா ரெடி சார்’ என்ற வாக்குறுதியை நம்பி நாலு வெள்ளிக்கிழமை நடையாய் நடக்கிற கட்சி இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. எனக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். அது என் டெய்லருக்குத் தெரியும். எந்த ரெடிமேட் கம்பெனிக்கும் தெரியாது.

சட்டை சரி, சைக்கிளுக்கு?

பெரிய சைஸ், சின்ன சைஸ், லேடீஸ். நம் ஊர் சைக்கிள் கடையில் பல காலம் இவ்வளவுதான் தேர்வு. நெட்டையானவர் ஸீட்டைத் தூக்கிக்கொள்வார், குட்டையானவர் இறக்கிக்கொள்வார். அப்புறமும் முதுகு வலித்தால் அமிர்தாஞ்சன்!

ஆனால், உடம்புக்கு அளவெடுத்து சைக்கிள் செய்து தருகிற ஆசாமிகள் உலகத்தில் இருக்கிறார்கள். கை நீளம், தொடை நீளம், உடம்பு நீளம், எடை எல்லாம் குறித்துக்கொள்வார்கள். ‘மலை ஏறுவீர்களா, சமவெளியில் பறப்பீர்களா, முதுகுவலி உண்டா?’ என்று டாக்டர் மாதிரி விசாரணை வேறு. பிறகு சில மாதம் காக்க வைப்பார்கள். ஒரு பட்டறை, நாலைந்து பேர், சில இடங்களில் ஒரே ஒருத்தர். இந்த ஜாதியிலேயே ராஜா, டைட்டானியம் ஃபிரேம் செய்கிறவர். துருப் பிடிக்காது, பெயின்ட் வேண்டாம். ஒழுங்காகச் செய்தால் வாங்கியவருக்கு அப்புறம் பேரன் ஓட்டலாம்.

இந்த சமாசாரத்தைத் துரத்திக்கொண்டு போனால், பாதை எங்கெங்கோ சுற்றிக் கோயமுத்தூரில் வந்து நிற்கிறது. அதற்கு முன், கொஞ்சம் மணல்.

மணவாளக்குறிச்சி மணல்

1791-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார் ஒரு கறுப்பு மணலை ஆராய்ந்தார். உள்ளே புதுசாக ஏதோ ஒரு உலோகம் இருப்பது தெரிந்தது. 1795-ல் ஜெர்மானிய விஞ்ஞானி கிளாப்ரோத் அதே உலோகத்தைத் தனியாகக் கண்டுபிடித்து, கிரேக்கப் புராணத்து அசுரர்களான ‘டைட்டன்’களின் பேரை வைத்தார்.

அதே கறுப்பு மணல் நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையிலும் கிடக்கிறது. இல்மனைட் என்று பெயர். மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கே அதைப் பிரித்தெடுக்கிறது. உலகத்தில் கிடைக்கிற டைட்டானியத் தாதுவில் பெரும்பகுதி உலோகமாவதே இல்லை. வெள்ளைப் பொடியாகி பெயின்ட்டிலும் காகிதத்திலும் பற்பசையிலும் கலந்துவிடுகிறது. நீங்கள் இன்று காலை பல் விளக்கியதில்கூடக் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

உலோகமாக்குவதுதான் பாடு. தாதுவை க்ளோரினோடு சேர்த்துத் திரவமாக்கி, அதை மக்னீசியத்தோடு சூட்டில் சேர்த்தால், கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி கிடைக்கும். லக்ஸம்பர்க்கில் பிறந்த க்ரோல் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த வழி இது. இந்தியாவில் இந்தப் பஞ்சு தயாராவது கேரளாவின் கொல்லம் பக்கம் சவராவில். 2011-ல் திறந்த ஆலை, ஆண்டுக்கு 500 டன் திறன். பணம் விண்வெளித் துறையுடையது. ராக்கெட்டுக்குப் போகத்தான் மற்றதெல்லாம்!

ராக்கெட்டுக்கு ஏன்? ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு 7.8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம். அதன் கலப்பு உலோகங்கள் நல்ல எஃகின் பலத்தோடு போட்டி போடும். உப்புக் காற்றுக்கும் வியர்வைக்கும் அசையாது. 1960-களில் அமெரிக்கா செய்த ‘பிளாக்பேர்ட்’ உளவு விமானத்தின் உடம்பில் பெரும்பகுதி டைட்டானியம். அதற்கான தாது அவர்களுக்குப் போதவில்லை. எங்கே வாங்கினார்கள் தெரியுமா? டம்மி கம்பெனிகள் வைத்து, சோவியத் ரஷ்யாவிடமிருந்தே வாங்கினார்கள். யாரை உளவு பார்க்கப் போகிறார்களோ அவரிடமே!

காற்றே பகை

இத்தனை பலசாலிக்கு ஒரு பலவீனம். சூடானால் காற்று ஆகாது. வெல்டிங் செய்யும்போது ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் உள்ளே புகுந்தால், பார்வைக்கு ஜோராக இருக்கிற ஜாயின்ட் ஒரு நாள் பிஸ்கட் மாதிரி உடையும். அது ஊட்டி இறக்கத்தில் நடந்தால்..? வேண்டாம்.

ஆர்கான் வெல்டிங் எப்படி நடக்கிறது என்று பார்க்க, ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். சொந்தக்காரருக்கு ஐம்பது வயசு தாண்டியிருக்கும். முப்பது வருஷமாக எவர்சில்வர் தொட்டி, பால் பண்ணைக் குழாய், கெமிக்கல் ஆலை சாமான் என்று ஜாப் ஆர்டர். பெயர் போட வேண்டாம் என்றார். “போட்டா வருமான வரிக்காரங்க வந்துருவாங்களாண்ணா?” என்று கேட்டேன். “அதில்லீங் தம்பி. இன்னும் ஒண்ணும் கிழிக்கல. அதுக்குள்ள என்னத்துக்குப் பேரு?” என்றார்.

“டைட்டானியம் பத்த வச்சிருக்கீங்களா?”

“கெமிக்கல் ஆலைக்கு ரெண்டு மூணு தடவ பண்ணியிருக்கறனுங்க. இரும்பு மன்னிச்சுரும். இது மன்னிக்காதுங்க. கை ரேகை எண்ணெய் பட்டாக்கூடத் தொந்தரவு. அசிட்டோன்ல தொடச்சு, கிளவுஸ் போட்டுத்தான் தொடோணும். வெளிய ஆர்கான் அடிச்சாப் பத்தாது, குழாய்க்கு உள்ளயும் அடிக்கோணும். பத்த வச்சு முடிச்சப்புறமும் ஆறுற வரைக்கும் காஸை எடுக்கப் படாது.”

“நல்லா வந்திருக்குன்னு எப்படித் தெரியும்?”

“கலரு சொல்லும். வெள்ளி மாதிரி பளபளன்னா ஃபஸ்ட் கிளாஸ். லேசா வைக்கோல் நிறம், பரவாயில்ல. நீலம் வந்தா சந்தேகம். சாம்பல் பூத்தா அறுத்துத் தூரப் போட வேண்டியதுதானுங்க.”

வெல்டிங் கடைசிப் படி. அதற்கு முன்னால், ஒரு குழாய் இன்னொரு குழாயின் வளைவில் இடைவெளியில்லாமல் உட்காரும்படி அதன் வாயை வெட்ட வேண்டும். இடைவெளி இருந்தால் உருக்கி நிரப்பிச் சமாளிக்கலாம் என்பது இரும்பில் நடக்கும், இங்கே நடக்காது. பிறகு எல்லாவற்றையும் ஒரு சட்டத்தில் பூட்டி, நேர்கோட்டில் நிறுத்தி, கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று சூடு ஒரே பக்கம் இழுக்காமல் பத்தவைக்க வேண்டும்.

இன்னொரு சூட்சுமம். அதே அளவுக் குழாயாக இருந்தால் டைட்டானியம் எஃகைப் போல இரண்டு மடங்கு வளையும். 1970-களில் அமெரிக்காவில் வந்த ‘டெலிடைன் டைட்டன்’ சைக்கிளை மிதித்தவர்கள் ‘தொளதொள’ என்று வளைகிறது என்று புகார் செய்தார்கள். பிற்பாடு வந்தவர்கள் அலுமினியமும் வனேடியமும் கலந்த உலோகத்தில், பருமனான குழாய் போட்டுச் சமாளித்தார்கள். விமானத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் ஓடுவதற்காக வந்த குழாய் அது. எவ்வளவு பருமன், எவ்வளவு கனம் என்பது ஓட்டுகிறவரின் எடையைப் பொறுத்தது. 55 கிலோ பையனுக்குச் சரியான ஃபிரேம் 90 கிலோ மாமாவுக்கு ஊஞ்சல்!

அளவெடுப்பதன் அர்த்தம் இங்கேதான். டெய்லர் உங்கள் உடம்பைத்தான் அளப்பார். இவர்கள் உங்கள் கனத்தையும் சேர்த்துத் தைக்கிறார்கள்.

மிச்சக் குழாயில் பிறந்த கம்பெனி

அமெரிக்காவில் டென்னஸ்ஸி மாநிலம், சட்டனூகா ஊர். லின்ஸ்கி என்ற குடும்பம். அப்பா ஆரம்பித்த மெஷின் ஷாப்பை மகன்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். அடுத்தவர் டிராயிங், அடுத்தவர் ஆர்டர், அடுத்தவர் பெயர். மகன்களில் ஒருவரான டேவிட், பட்டறையில் மிச்சமிருந்த டைட்டானியத்தில் தனக்கென்று ஒரு சைக்கிள் செய்துகொண்டார். பார்த்தவர்கள் ‘எனக்கும் ஒண்ணு’ என்றார்கள். 1986-ல் ‘லைட்ஸ்பீட்’ பிறந்தது. அதே வருஷ வாக்கில் மாசசூஸெட்ஸில் ‘மெர்லின்’ என்று இன்னொரு சின்னப் பட்டறையும் கிளம்பியது.

லைட்ஸ்பீட் வளர்ந்து, 1999-ல் கைமாறியது. விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்களா? 2006-ல் மறுபடி பட்டறை போட்டார்கள். இந்தத் தடவை போர்டில் சொந்தக் குடும்பப் பெயர்: ‘லின்ஸ்கி’.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது டைட்டானியம் இல்லை. ‘மிச்சமிருந்த குழாய்’ என்ற இரண்டு வார்த்தைகள். கணபதியிலும் பீளமேட்டிலும் சிட்கோவிலும் எத்தனை பட்டறைகளில், எத்தனை மூலைகளில் மிச்சக் குழாய் கிடக்கிறது!

கோயமுத்தூர் குசும்பு

அடுத்தவர் பொருளைப் பிரித்துப் பார்த்துத் தானே செய்கிற குசும்பு இந்த ஊருக்குப் புதுசில்லை. கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு (1893–1974), வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் சர்வராக வேலை செய்து பணம் சேர்த்து அதையே வாங்கியவர். வாங்கி என்ன செய்தார்? ஓட்டுவதற்கு முன் அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார்! 1937-ல் இந்தியாவின் முதல் மின்சார மோட்டார்களில் ஒன்று இந்த ஊரிலிருந்துதான் வெளிவந்தது.

நம் கதைக்கு இன்னும் நெருக்கமானவர் எஸ். கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பம். நினைத்திருந்தால் ஏ.ஸி. ரூமில் உட்கார்ந்து பருத்தி விலை பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். மனுஷர் ரேஸ் கார் ஓட்டினார். ஓட்டினது போதாதென்று கட்டவும் ஆரம்பித்தார். வெளிநாட்டு ரேஸ் காருக்கு இங்கே எந்த நடுத்தரக் குடும்பத்துப் பையன் பணம் கட்ட முடியும்? நம் தெருவில் ஓடுகிற மாருதி 800-ன் இன்ஜினை எடுத்து, ஒற்றை ஸீட் ரேஸ் கார் செய்தார். ‘ஃபார்முலா மாருதி’. அதில் ஓட்டிப் பழகியவர்களில் கோவைப் பையன் ஒருத்தர், நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர்.

கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். வயசு 41. செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான்: கரி மோட்டார் ஸ்பீட்வே.

கணக்கு உதைக்கிறதே!

சரி, நம்ம ஆள் ஒருத்தர் டைட்டானியம் சைக்கிள் செய்தால் கட்டுப்படியாகுமா? ஆவாரம்பாளையம் அண்ணனிடமே கேட்டேன். சிரித்தார்.

அவர் மகன் சரவணம்பட்டியில் ஸாஃப்ட்வேர் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குச் சைக்கிளில் போகிற கோஷ்டி. ‘இறக்குமதி சைக்கிளுக்குக் கொடுக்கிற காசுக்கு நீங்களே ஏன் ஒண்ணு செய்யக் கூடாது?’ என்று பையன்தான் ஆரம்பித்தானாம்.

“குழாய் வெளிநாட்டுல இருந்து வரோணும். ரெண்டு மீட்டர் குடுன்னா ஆரு குடுப்பாங்க? ஒரு கட்டா வாங்கோணும். ஆர்கான் செலவு வேற. மொத நாலு ஃபிரேம் அறுத்துத் தூரப் போடறதுக்குன்னே வச்சுக்கோணும். வருசம் பத்து வித்தாப் பெருசு. அந்த நேரத்துக்கு நாலு பால் தொட்டி பண்ணுனா வட்டி கட்டீரலாங்க.”

அமெரிக்காவில் அளவெடுத்துச் செய்த டைட்டானியம் ஃபிரேம் 3,000 டாலருக்குக் கீழே கிடைப்பது அபூர்வம். நம் காசில் இரண்டரை லட்சத்துக்கு மேல். அதுவும் ஃபிரேம் மட்டும். சக்கரம், செயின், பிரேக் தனி. என் மாதிரி ஆபீஸ் ஆசாமி அதைக் கடனில் வாங்கினால், சைக்கிளைவிட முன்னால் தவணை ஓடும்!

ஆக, வேண்டாம் என்று விட்டுவிட்டாரா?

பட்டறையின் பின்சுவரில் ஆணியில் ஒரு ஃபிரேம் தொங்கியது. குரோம்-மாலி எஃகு. பெயின்ட் அடிக்காமல், ஒவ்வொரு ஜாயின்ட்டும் அடுக்கி வைத்த காசு மாதிரி வரிசையாக. பழகிப் பார்க்கச் செய்ததாம், மகனின் அளவில். இரண்டு தடவை வால்பாறை போய் வந்துவிட்டதாம்.

“பழகறதுக்குன்னு சொல்றீங்க, நூல் பிடிச்ச மாதிரி இருக்கே?”

“பையனுக்குங்க. அவன் அதுல ஏறி மலையில இருந்து இறங்கறான். சும்மா பத்த வைக்க முடியுமா?”

எனக்குச் சுரீரென்றது. முப்பது வருஷத்தில் இவர் பத்தவைத்த தொட்டிகளில் எத்தனை லட்சம் லிட்டர் பால் ஓடியிருக்கும்! ஒன்றில்கூட இவர் பெயர் இல்லை. எந்தத் தொட்டி யாருக்கு என்றும் இவருக்குத் தெரியாது. சுவரில் தொங்குகிற இந்த ஒன்று யாருக்கு என்று மட்டும் தெரியும். அவன் எடை தெரியும், கை நீளம் தெரியும்.

உலகத்தின் சின்னப் பட்டறைக்காரர்கள் லாபக் கணக்கு உதைத்தாலும் ஏன் விடாமல் செய்கிறார்கள் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

கிளம்பும்போது ஃபிரேமின் முன்பக்கக் குழாயைப் பார்த்தேன். கம்பெனிச் சின்னம் ஒட்டுகிற இடம். காலியாக இருந்தது.

“அங்க என்ன பேரு போடறதுன்னு பையன் தெனமும் கேக்கறானுங்க. டைட்டானியத்துல ஒண்ணு பண்ணி, அது ஒரு வருசம் மலை ஏறி எறங்கட்டும். அப்பறம் போட்டுக்கலாம்னு சொல்லீட்டேன்.”

“குழாய்க்கு ஆர்டர் குடுத்துட்டீங்களாண்ணா?”

பதில் சொல்லவில்லை. பால் தொட்டிக்கு வந்த அட்வான்ஸை எண்ணிக்கொண்டிருந்தவர், அதில் ஒரு கட்டைத் தனியாக எடுத்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார்.