கணினி மட்டும் போதுமா?

இளைஞர் மன்றங்களுக்குக் கணினி வாங்கிக் கொடுக்கும் நல்ல வழக்கம் நம் வணிகர்களிடம் உண்டு. ஆனால், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்று நாம் கேட்பதில்லை. கல்லாப்பெட்டி இருந்தால் மட்டும் கடை நடந்துவிடுமா?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அன்று இருந்த கணினி அருங்காட்சியகத்தில் விடுமுறைப் பயிற்சி ஒன்று நடந்தது. அது முடிந்த பிறகும் சில சிறுவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். வேறு போக்கிடம் இல்லாத அத்தகைய பிள்ளைகளுக்காக மிட்செல் ரெஸ்னிக், நாடலி ரஸ்க் ஆகியோர் 1993-இல் ‘கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ்’ தொடங்கினார்கள். 10 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது. பின்னர் இது பல நாடுகளுக்கும் பரவியது.

இங்கு வகுப்புப் பாடம் இல்லை. பிள்ளைகளே படம், இசை, விளையாட்டு என்று உருவாக்குகிறார்கள். இதற்கெல்லாம் அச்சாணி அங்குள்ள பொறுப்பாளர்தான். தொழில்நுட்ப மேலாளர் என்றும் சொல்லலாம். இயந்திரங்களை ஓடும் நிலையில் வைப்பதும், வழிகாட்டத் தொண்டர்களைச் சேர்ப்பதும், தயங்கி நிற்கும் பிள்ளையை உட்கார வைப்பதும் அவர் வேலை.

ஆள் இல்லாத கடையில் சரக்கு தூசி படியும், கணினியும் அப்படித்தான். எனவே இனி கணினி கொடுக்கும் உறுப்பினர்கள், அதைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளத்துக்கும் ஓராண்டுக்காவது பங்கு தர வேண்டுகிறோம். தர்மக் கணக்கில் அதுவும் வரவுதான்.