விரல் நோவுக்கு ஒரு மருந்து

டைப்பிங் வேலை பார்க்கும் சகோதரிகளே! ஒரே கடிதத்தை நாற்பது பேருக்குத் திருத்தித் திருத்தி விரல் நொந்ததுண்டா? எனக்குண்டு. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இரவு எட்டு மணி வரை ஆபீசில் கிடந்திருக்கிறேன்.

வேர்டில் ‘மேக்ரோ’ என்றொரு வசதி இருக்கிறது. வியூ பகுதியில் மேக்ரோ, ரெக்கார்ட் என்று அழுத்திவிட்டு வேலையைச் செய்யுங்கள், அது பதிந்துகொள்ளும். பிறகு ஒரு விசையைத் தட்டினால் அப்படியே செய்து தரும். பதியும்போது எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க மௌஸ் உதவாது. ஷிப்டும் அம்புக்குறி விசைகளும்தான். ஆல்ட் விசையோடு எஃப் 11 தட்டினால், பதிந்தது விஷுவல் பேசிக் மொழியில் வரிவரியாகத் தெரியும். அதைப் படித்துப் படித்தே நான் கற்றேன், என் அரைகுறை ஆங்கிலத்தோடு!

முதல் மேக்ரோ காலை வாரியது. 2018 என்பதையெல்லாம் 2019 ஆக்கச் சொன்னேன். அவர்கள் முன்பு எழுதிய கடிதத்தின் தேதியையும் சேர்த்து மாற்றிவிட்டது. நல்ல வேளை, நகல் வைத்திருந்தேன்.

யாரோ அனுப்பிய மேக்ரோவை மட்டும் ஓடவிடாதீர்கள். 1999 மார்ச்சில் ‘மெலிசா’ வைரஸ் வேர்ட் கோப்பில் ஒளிந்து வந்து, திறந்தவரின் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பியது.

இப்போது நான் ஐந்தரை பஸ்ஸைப் பிடித்துவிடுகிறேன்.