6 லட்ச ரூபாய் கார் வெயிலில், 6 ஆயிரம் பெறாத சாமான் நிழலில்!



எங்க சொந்த ஊர் மதுரைக்குப் பக்கத்துல கீழக்குயில்குடி. சமணர் மலை, அடிவாரத்துல அய்யனார் கோயில், தாமரைக் குளம்னு லீவு நாள் ஆனா டவுன்ல இருந்து ஆளுங்க வந்து போட்டோ எடுத்துட்டுப் போற ஊர். அங்க எங்க வீட்டை ஒட்டி ஒரு ஷெட் இருக்கு. தாத்தா காலத்துல அது மாட்டுக்கொட்டகை. அப்பா சிமென்ட் தரை போட்டு, மேல தகர ஷீட் மாத்தி, கார் ஷெட் ஆக்கினார்.

பேருதான் கார் ஷெட். கார் நின்னது என்னவோ தெருவுல, வேப்பமரத்தடியில. ஷெட்டுக்குள்ள கால் உடைஞ்ச கட்டில், ஓடாத கிரைண்டர், மூணு மோட்டார், கழட்டி வச்ச ஜன்னல், என் பத்தாங்கிளாஸ் கைடு, தங்கச்சி கல்யாணத்துல மிஞ்சின பிளாஸ்டிக் வாளி, செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரி.

ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்டா ஊர்ல இருக்கிற கம்பெனிக்கெல்லாம் ஸ்டாக் சரிபார்க்கிறேன். என் வீட்டு பேலன்ஸ் ஷீட்ல 6 லட்ச ரூபா கார் வெயில்ல காயுது, 6 ஆயிரம் பெறாத சாமான் நிழல்ல தூங்குது. இதை நான் பத்து வருஷமா கவனிக்கவே இல்லை.

கவனிக்க வச்சது அம்மா. அப்பா பஸ் பாடி கட்டுற பட்டறைகள்ல ஃபிட்டரா 38 வருஷம் வேலை பார்த்தவர். வேலையை விட்டப்புறம் காலையில பேப்பர், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் டிவி. போன வருஷம் ஒரு நாள் அம்மா போன்ல, "உங்கப்பா பேசுறதே கொறஞ்சு போச்சுப்பா"ன்னு சொன்னாங்க. அப்போதான் அந்த ஷெட்டை அவருக்கு ஒரு சின்னப் பட்டறையா மாத்தலாம்னு தோணுச்சு. மொத்தம் எவ்வளவு செலவாச்சு, எவ்வளவு திரும்ப வந்துச்சு, எங்க நான் சொதப்பினேன், எல்லாத்தையும் கணக்கோட சொல்றேன். சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை பார்த்துட்டு ஊர்ல ஒரு வீடு வச்சிருக்கிற எல்லாருக்கும் இது பொருந்தும்.

முதல்ல ஸ்டாக் எடுங்க, எதையும் வாங்காதீங்க

நம்மள்ல பல பேர் பட்டறைன்னு சொன்ன உடனே ஆன்லைன்ல டூல் கிட் தேட ஆரம்பிப்போம். நிறுத்துங்க. ஒரு நோட்டு, ஒரு டேப், ரெண்டு நாள் போதும். ஷெட்டைக் காலி பண்ணி எல்லாத்தையும் வாசல்ல வைங்க. எங்க ஊர் மாதிரி மலையடிவாரமா இருந்தா பூட்ஸ் போட்டுக்கோங்க, கம்பால தட்டிட்டு அப்புறம் கை வைங்க. தேளும் பாம்பும் நம்ம லிஸ்ட்ல இருக்காது, ஆனா ஷெட்ல இருக்கும்.

எங்க வீட்டு லிஸ்ட்ல 4 சுத்தியல், 9 ஸ்க்ரூ டிரைவர், 3 டேப், காய்ஞ்சு கல்லான பசை டியூப் 5. இருக்கிறது கண்ணுல படாததால திரும்பத் திரும்ப வாங்கியிருக்கோம். அடசலோட உண்மையான செலவு இதுதான்.

அப்புறம் நாலு குவியலாப் பிரிங்க:

1. இப்பவே பயன்படுறது.
2. ரிப்பேர் பண்ணா பயன்படுறது. இதுக்கு ஒரு தேதி போட்டுச் சீட்டு ஒட்டுங்க. 90 நாளைக்குள்ள ரிப்பேர் ஆகலைன்னா அது வராக்கடன், தள்ளுபடி பண்ணிடுங்க.
3. நமக்கு வேண்டாம், வேற யாருக்காவது ஆகும்.
4. காயலாங்கடை.

ஃபேக்டரியில வேலை பார்க்கிறவங்களுக்கு இது 5 எஸ்ஸோட முதல் படின்னு தெரியும். பழைய டிவி, கம்ப்யூட்டர் மாதிரி மின்கழிவை மட்டும் நாலாவது குவியல்ல போடாதீங்க. 2023 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கிற மின்கழிவு விதிகள்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் கிட்டதான் போகணும். பேட்டரியைப் புது பேட்டரி வாங்குற கடையிலேயே எக்ஸ்சேஞ்சுக்குக் குடுத்துடுங்க.

நான் பண்ண தப்பு

ரெண்டாவது சனிக்கிழமை அப்பா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் இருந்தா ஒவ்வொரு சாமானுக்கும் "கெடக்கட்டும்டா, ஒரு நாளைக்கு ஆகும்"னு சொல்வார். அதனால அவர் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னு நானும் மச்சானும் வண்டியில ஏத்தினோம். அதுல ஒரு பழைய வைஸும் போச்சு. துரு ஏறி, தாடை இறுகி, திருகினா அசையாது. எடை 15 கிலோ. கிலோ 30 ரூபான்னு 450 ரூபா குடுத்தாங்க. எனக்கு ரொம்ப சந்தோஷம்.

சாயங்காலம் வந்த அப்பா ஷெட்டைச் சுத்திப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வைஸ் எங்கப்பா?"

சொன்னேன். ஒண்ணும் பேசலை. ராத்திரி சாப்பிடவும் இல்லை. மறுநாள் விடிஞ்சதும் வண்டியை எடுத்துட்டு நாகமலைப் புதுக்கோட்டைக்குப் போய், காயலாங்கடை திறக்கிற வரைக்கும் காத்திருந்து, 900 ரூபா குடுத்து அதைத் திரும்ப வாங்கிட்டு வந்தார். மண்ணெண்ணெய்ல ரெண்டு நாள் ஊறப்போட்டார். மூணாவது நாள் அது வெண்ணெய் மாதிரி திரும்புச்சு. அதே அளவு புது வைஸுக்கு நான் அப்புறம் விசாரிச்ச விலை 4,200 ரூபா.

அம்மாதான் மீதியைச் சொன்னாங்க. நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது அப்பா வேலை பார்த்த பட்டறையை மூடிட்டாங்களாம். மூணு மாசச் சம்பளம் பாக்கி. பணம் இல்லைன்னு கை விரிச்சப்போ, அதுக்குப் பதிலா அந்த வைஸையும் ஒரு ஸ்பேனர் செட்டையும் தூக்கிட்டு வந்திருக்கார். எனக்கு அது 15 கிலோ இரும்பு. அவருக்கு மூணு மாச உழைப்பு.

ஒரு பொருளுக்குக் காயலாங்கடை விலை ஒண்ணு, அதையே திரும்ப வாங்கணும்னா ஆகுற விலை வேற. ஒரு சி.ஏ.வுக்கு இது பால பாடம். நான் முதல் விலையை மட்டும் பார்த்தேன். அதைவிடப் பெரிய தப்பு, இன்னொருத்தர் சொத்துல நான் கையெழுத்துப் போட்டது. ஆடிட்டர் சரிபார்க்கலாம், கேள்வி கேட்கலாம், ஆனா தள்ளுபடிக்கு ஒப்புதல் ஓனர்தான் குடுக்கணும். அப்பா அம்மா சாமானை அவங்க இல்லாதப்போ தூக்காதீங்க. நேரம் ரெண்டு மடங்கு ஆனாலும் பரவாயில்லை, பக்கத்துல உட்கார வச்சு, ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதுங்க. அதுக்கப்புறம் நான் அப்படித்தான் பண்ணேன். ஆச்சரியம் என்னன்னா, கேட்டுப் பண்ணப்போ அவரே பாதியை "போட்டுடு"ன்னு சொல்லிட்டார்.

காசுக் கணக்கு

வரவு:

- இரும்பு 118 கிலோ: ரூ.3,540
- செம்பு, பித்தளை: ரூ.2,400
- பழைய பேட்டரி: ரூ.4,200
- பேப்பர், புத்தகம்: ரூ.768
- பிளாஸ்டிக்: ரூ.220
- மொத்தம்: ரூ.11,128

வீட்டுல நாம உபயோகிச்ச இந்த மாதிரி பழைய சாமானை வித்தா வரி வருமான்னு கேட்பீங்க. சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த சாதாரண அசையும் பொருளுக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. நகை, ஓவியம் மாதிரி சிலதுக்கு மட்டும் இந்த விலக்கு இல்லை.

செலவு:

- வயரிங், எர்த், பிளக் பாயின்ட், கூலி: ரூ.6,800
- எல்இடி டியூப் 2: ரூ.600
- தரை பூச்சு: ரூ.2,700
- சுண்ணாம்பு: ரூ.700
- இரும்பு ரேக் 2: ரூ.5,600
- மேஜை: ரூ.450
- டிரில்லிங் மெஷின்: ரூ.2,900
- கண்ணாடி, கையுறை, மாஸ்க், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி: ரூ.2,350
- வைஸைத் திரும்ப வாங்கினது: ரூ.900
- மொத்தம்: ரூ.23,000

கையில இருந்து போனது ரூ.11,872. மேஜைக்கு 450தான் ஆச்சு, ஏன்னா கழட்டி வச்ச பழைய கதவைப் பழைய கட்டில் ஃபிரேம் மேல போட்டு போல்ட் முடுக்கிட்டோம். ஷெட் 24 அடி நீளம், 11 அடி அகலம். பின்னாடி 9 அடி பட்டறை, முன்னாடி 15 அடி கார். கார் கடைசியா நிழலுக்கு வந்துடுச்சு! கிரைண்டர், வெல்டிங்னு தீப்பொறி வர்ற வேலைன்னா காரை வெளியே எடுத்துட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

இந்தப் பணத்துக்கு இஎம்ஐ போடலை, எஸ்ஐபியை நிறுத்தலை, எமர்ஜென்சி ஃபண்டைத் தொடலை. சாமான் வித்த காசு வந்ததுக்கு அப்புறம், மீதியை ரெண்டு மாசச் சம்பளத்துல பிரிச்சுப் போட்டேன்.

கஞ்சத்தனம் பண்ணக் கூடாத இடம்

லிஸ்ட்ல பெரிய தொகை வயரிங். அதைக் குறைக்காதீங்க. பட்டறைக்குத் தனி லைன், தனி எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த். மாட்டுக்கொட்டகையா இருந்த இடத்துல ஈரம் நிறைய. ஷாக் அடிச்சா கரன்ட்டைக் கட் பண்றது இந்த ஆர்சிசிபிதான். உங்க கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா இருந்தா அதுல ஓட்டை போடாதீங்க, அறுக்காதீங்க. அந்தத் தூசி புற்றுநோய் வரவைக்கும்.

கரன்ட் பில் பயப்படுற அளவுக்கு வராது. 1,000 வாட் மெஷின் முழுசா ஒரு மணி நேரம் ஓடினாதான் ஒரு யூனிட். ஆனா ரெண்டு மாச உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினா கீழ் ஸ்லாப் கணக்கும் மாறும். ஏற்கெனவே அந்த எல்லையில இருக்கிற வீடுன்னா கவனிங்க.

டூலுக்கு எங்க வீட்டு ரூல்: மூணு தடவை இரவலோ வாடகையோ வாங்கி வேலை பாருங்க. நாலாவது தடவை தேவைப்பட்டா சொந்தமா வாங்குங்க. டிரில்லிங் மெஷின் அந்தப் பரீட்சையில பாஸ். கட்டிங் மெஷின் இன்னும் பாஸ் ஆகலை.

"கார் ஷெட்ல ஆரம்பிச்சாங்க" கதை

இதைப் படிக்கும்போது சிலருக்கு மனசுல ஸ்டார்ட்அப் ஓடும். அமெரிக்காவுல பாலோ ஆல்டோவுல ஒரு வாடகை வீட்டு கார் ஷெட்ல ஹியூலெட்டும் பேக்கார்டும் 1939-ல கம்பெனி ஆரம்பிச்சது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. முதலீடு 538 டாலர். பல பேர் சொல்லாத விஷயம், அந்த 538-லயே ஒரு பழைய டிரில் பிரஸ்ஸும் அடக்கம். அவங்க பழைய மெஷினை முதல் கணக்குல வச்சாங்க. நான் கிலோ கணக்குல வித்தேன்! இன்னொண்ணு, முதல்ல அதைப் பகுதி நேரமாத்தான் பண்ணாங்க. அவங்க செஞ்ச ஆடியோ ஆஸிலேட்டர் எட்டை டிஸ்னி கம்பெனி வாங்குச்சு. பொருளும் வாங்குற ஆளும்தான் கம்பெனி ஆச்சு, ஷெட் இல்லை.

உங்களுக்கும் ஆர்டர் வர ஆரம்பிச்சா இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க:

- முதல்ல உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டரைப் படிங்க. வேற தொழில் பண்ணக் கூடாதுன்னு இருக்கலாம்.
- அந்த வருமானம் தொழில் வருமானம். ஐடிஆர்-1 போட முடியாது. சின்ன அளவுன்னா உத்தேச வருமான முறையில ஐடிஆர்-4 போடலாம்: டிஜிட்டலா வந்த தொகையில குறைஞ்சது 6%, ரொக்கத்துல 8% லாபமாக் காட்டணும்.
- தமிழ்நாட்டுல வருஷ விற்பனை பொருளுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரைக்கும் பொதுவா ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளி மாநிலத்துக்குப் பொருள் அனுப்பினா இந்த விலக்கு பொதுவா பொருந்தாது.
- உத்யம் பதிவு இலவசம். அதுக்குப் பணம் கேட்கிற வெப்சைட் அரசோடது இல்லை.
- தொழிலா மாறினா வீட்டு மின் இணைப்புல ஓட்டலாமான்னு மின்வாரிய ஆபீஸ்ல கேட்டுட்டு ஆரம்பிங்க.

அப்போ லாபமா?

ஆளைக் கூப்பிட்டிருந்தா ஆகியிருக்கும் செலவை மட்டும் எழுதிட்டு வர்றேன். ஆறு ஜன்னலுக்குக் கொசுவலை, கட்டில் கால், கேட் கீல்னு எட்டு மாசத்துல மிச்சம் ரூ.7,150. இதே வேகத்துல போனா போட்ட பணம் வர்றதுக்கு 13 மாசத்துக்கு மேல ஆகும். நாலு வாரம் சனி ஞாயிறு நாங்க போட்ட உழைப்பை இதுல சேர்க்கலை. சேர்த்தா கணக்கு இன்னும் இழுக்கும். இதை முதலீடுன்னு நான் விக்க மாட்டேன். உங்க எஸ்ஐபிக்குப் போட்டி இது இல்லை.

இந்த ஞாயிறு ஊருக்குப் போனா ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. ஒரு நோட்டை எடுத்துட்டு, அப்பாவையோ அம்மாவையோ பக்கத்துல உட்கார வச்சு, அந்த ரூம்ல இருக்கிற பத்தே பத்து பொருளைப் பத்திக் கேளுங்க. எப்போ வாங்கினது, ஏன் வச்சிருக்கீங்கன்னு. விலையை அப்புறம் போட்டுக்கலாம்.

எங்க வீட்டு நிலவரம்? பக்கத்து வீட்டு நாற்காலி, யாரோட சைக்கிளோ, ஏதாவது ஒண்ணு தினம் அந்த வைஸ்ல மாட்டியிருக்கு. காசு வாங்க மாட்டேங்கிறார். நேத்து அம்மா மறுபடியும் போன்ல குறை சொன்னாங்க: "மணி மூணாச்சு, சாப்பிடக் கூப்பிட்டா வரவே மாட்டேங்கிறாருப்பா!"